தவக்காலத்தில் நிற்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பது எப்படி? நாற்பது நாளுக்கான முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் நாள். மதுரை கீழவெளி வீதிப் பேராலயத்தில் காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நடந்து வந்துகொண்டிருந்தேன். வழக்கமாகப் பூ வாங்கும் அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டார்: "என்னங்கய்யா, இன்னிக்கு நீங்களும் பூசிட்டீங்களா?" அவர் நெற்றி நிறையத் திருநீறு. மண்ணுக்குத்தான் திரும்பப் போகிறோம் என்று ஞாபகப்படுத்துகிற நாள் என்று விளக்கம் சொன்னேன். "எங்களுக்கும் அதுதானே. நாங்க தினம் பூசுறோம், நீங்க வருசத்துக்கு ஒருநாள் பூசுறீங்க" என்று சொல்லிக்கொண்டே முழம் போட்டார்.

அப்போது அவர் விரல்களைப் பார்த்தேன். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நார் இழுத்து இழுத்து அறுத்த தழும்பு, கோடு கோடாக. அதற்கு முன் எத்தனையோ வருடம் அவரிடம் பூ வாங்கியிருக்கிறேன். பூவைப் பார்த்திருக்கிறேன், சில்லறையைப் பார்த்திருக்கிறேன். விரலைப் பார்த்ததில்லை.

அந்த வருடம் தவக்காலத்தை வேறு மாதிரி கழிக்க முடிவு செய்தேன். அதுவரை எனக்குத் தவக்காலம் என்றால் கறி இல்லை, மீன் இல்லை, வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை. நாற்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஈஸ்டர் மதியம் ஒரு கட்டு கட்டினால் முடிந்தது. மனம் மாறுங்கள் என்றுதான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்கள். நற்செய்தியில் அந்த இடத்தில் வருகிற கிரேக்கச் சொல் மெத்தனோயா. எண்ணத்தையே மாற்றிக்கொள்வது என்று அதற்குப் பொருள். ஆனால் 'மாறு' என்று அதட்டினால் மனம் மாறிவிடுகிறதா? நிற்கிற இடத்தை இரண்டடி நகர்த்தினால் கண்ணில் படுவது மாறும். கண்ணில் படுவது மாறினால் மனம் பின்னாலேயே வந்துவிடும். என் அனுபவம் இதுதான். அதை வாரவாரமாக எப்படிச் செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன். தவக்காலம் என்றாலும் லெந்து நாட்கள் என்றாலும் எல்லாச் சபையாருக்கும் இது பொருந்தும். கத்தோலிக்க வழக்கங்கள் வரும் இடத்தில் மற்றவர்கள் தங்கள் வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கு, அப்புறம் ஒரு நோட்டு

ஈஸ்டரிலிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் சாம்பல் புதன். அதில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அதனால் நோன்புக் கணக்கில் சேராது. 2026-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-ல் பிப்ரவரி 10, மார்ச் 28. பெரும்பாலும் நமக்கு மாசியும் பங்குனியும்தான். லெந்து என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் பழைய பொருள் வசந்தகாலம். குளிர் விலகிப் பகல் நீளுகிற ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. மதுரையில் அதே நாட்களில் வெயில் ஏறும், வைகையில் மணல் தெரியும், தள்ளுவண்டியில் மாவடு வரும், வேம்பு பூக்கும். நம் தவக்காலத்தில் தாகம் இருக்கிறது. இதை மனதில் வையுங்கள், மூன்றாம் வாரத்தில் வேண்டியிருக்கும்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி 40 வரிக்கு எண் போட்டுக்கொள்ளுங்கள். படுக்கப் போகும்முன் ஒரு வரி மட்டும் எழுத வேண்டும். 'இன்று எதை விட்டேன்' என்று எழுதக்கூடாது. 'இன்று யாரைப் பார்த்தேன்' என்று எழுத வேண்டும். சும்மா கண்ணில் பட்டவரைச் சொல்லவில்லை, நின்று பார்த்தவரைச் சொல்கிறேன். எழுத ஒன்றும் இல்லாத நாளில் வரியைக் காலியாக விடுங்கள். அடுத்த நாள் நிரப்பக்கூடாது. முதல் வாரத்தில் எனக்கு மூன்று வரி காலியாகக் கிடந்தது. கடைவீதியிலும் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் நூறு பேருக்கு நடுவில் நாளைக் கழித்துவிட்டு ஒருவரைக்கூட எழுத முடியவில்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது.

சாம்பல் புதன்

போன வருடக் குருத்து ஞாயிறன்று கொடுத்த ஓலையைச் சிலுவையாகப் பின்னித் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். சாம்பல் புதனுக்கு முன் அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதை எரித்த சாம்பல்தான் நம் நெற்றிக்கு வரும். கொடுக்கும்முன் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, வளைத்த பக்கமெல்லாம் வளைந்த குருத்து, இப்போது பழுப்பேறி, மடித்த இடத்தில் தொட்டாலே நொறுங்கும். ஓரத்தில் ஒட்டடை. ஓசன்னா பாடி ஆட்டிக்கொண்டு போன அதே ஓலை.

அன்றைய நற்செய்தி மத்தேயு 6. நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவு, முகத்தைக் கழுவு, நீ நோன்பு இருப்பது ஆளுக்குத் தெரிய வேண்டாம் என்கிறார் இயேசு. அதை வாசித்து முடித்த கையோடு நாம் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொள்கிறோம். இந்த முரண்பாடு எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. இப்போது அதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: சாம்பல் நான் யார் என்று சொல்கிறது, நான் என்ன செய்கிறேன் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே சாம்பல், ஒரே வாசகம். கார் வைத்திருப்பவருக்குத் தனிச் சாம்பல் கிடையாது. அன்று வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர், இரண்டு பேரையும் கவனியுங்கள். நோட்டின் முதல் வரி அவர்களில் ஒருவருக்கு.

எதை விடுவது?

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் லேசானதுதான். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் கொஞ்சம். 18 வயது முடிந்தவர்கள் 59 வயது முடியும் வரை இதற்குக் கட்டுப்பட்டவர்கள். தவக்கால வெள்ளிகளிலும் சாம்பல் புதனிலும் சுத்தபோசனம், கறி கிடையாது. இது 14 வயது முடிந்தவர்களுக்கு. நம் பக்கத்தில் பல குடும்பங்கள் நாற்பது நாளும் கவுச்சி தொடுவதில்லை. ஞாயிறு என்றால் கறிக்கடையில் வரிசை நிற்கிற மதுரையில் இது சின்ன விஷயம் இல்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் வயிற்றைப் பட்டினி போட வேண்டாம். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. டாக்டரைக் கேட்காமல் நோன்பில் இறங்க வேண்டாம்.

கறியை விடுவதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் விடுகிற பொருளின் மறுமுனையில் ஒரு ஆள் இருக்க வேண்டும். சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று எசாயா 58 வாசிப்பார்கள். பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்ந்துகொள்வதுதானே நான் விரும்பும் நோன்பு என்று ஆண்டவர் கேட்கிற இடம். அதனால் டீயை விட்டால் அந்தக் காசு எங்கே போகிறது என்று அன்றே தீர்மானியுங்கள். ஒரு டப்பாவில் போட்டு வைத்து, வாரம் ஒருமுறை எண்ணி, இன்னாருக்கு என்று ஆளை முடிவு செய்யுங்கள். போனை விட்டால் அந்த அரை மணி நேரம் யாருக்கு? அம்மாவுக்கா, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கா? அதற்குப் பதில் இல்லையென்றால் வேறு எதையாவது விடுங்கள்.

இன்னொன்று, ஆண்களுக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இது: அப்பா நோன்பு, பிள்ளைகளுக்கு முட்டை வேண்டும், பாட்டிக்குக் கஞ்சி. அம்மா மூன்று சமையல் செய்வார். அவரும் ஒருசந்திதான். அடுப்படி வெக்கையில் நின்றுகொண்டு ஒருசந்தி. நோன்பின் புண்ணியம் அப்பாவுக்கு, பாத்திரம் அம்மாவுக்கு. பல வருடம் என் வீட்டிலும் இப்படித்தான். ஒரு தவக்காலத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட, இரண்டு நாள் நான் அடுப்படியில் நின்றேன். குக்கர் விசிலை எண்ணத் தவறிப் பருப்பு குழைந்துபோனது. அது பரவாயில்லை. பசியோடு இருக்கும்போது மற்றவர்களுக்குத் தாளிப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கடுகு வெடித்து வாசம் ஏறும்போது வயிறு முறுக்கிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் நின்று வடித்த கஞ்சியை ஒரு வாய் குடித்தால் போதும் என்று தோன்றுகிறது. இருபது வருடமாக அவள் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள், நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனவே ஆண்களுக்கு ஒரு விதி: நோன்பு இருக்கும் நாளில் நீங்கள் சமையுங்கள். வெள்ளிக்கிழமை மட்டுமாவது.

இரண்டாம் வாரம்: மேலே ஏறுவது, உள்ளே இறங்குவது

இரண்டாம் ஞாயிறு நற்செய்தி ஒவ்வொரு வருடமும் உருமாற்றம். மலைமேல் இயேசுவின் முகம் ஒளிர்கிறது. பேதுரு அங்கேயே மூன்று கூடாரம் போட்டுவிடலாம் என்கிறார். போடவில்லை, இறங்கிவிடுகிறார்கள்.

அந்த வாரம் ஒரு விடியற்காலையில் மலை ஏறுங்கள். நம்மைச் சுற்றி மலைக்கா பஞ்சம்? எனக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை பிடிக்கும். அடிவாரத்தில் தாமரைக் குளம், மேலே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் பலவற்றில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. சிலவற்றில் 2,000 வருடம் பழைய தமிழ் பிராமி எழுத்து. தலை வைக்கக் கல்லிலேயே மேடு செதுக்கியிருப்பார்கள். நோன்பும் பட்டினியும் நம் ஊர் மண்ணுக்கு நாம் கொண்டுவந்தது இல்லை என்று அந்தக் கல்லைத் தொட்டால் புரியும். சில வருடங்களில் ரம்ஜான் நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வரும்போதும் எனக்கு இதே நினைவு வரும். கோரிப்பாளையம் பக்கம் சாயங்காலம் போனால் நோன்புக் கஞ்சி வாசனை. நமக்கு முன்னாலும் பக்கத்திலும் பசித்திருந்து கடவுளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் ஊர் அழகாகத்தான் இருக்கும். சத்தம் இல்லை, குப்பை தெரியாது. பேதுருவுக்குக் கூடாரம் போடத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அதனால் அதே வாரத்தில் கீழேயும் இறங்க வேண்டும். வழக்கமாக பைக்கில் போகும் வழியை ஒருநாள் நடந்து போங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடக்கலாம். கையில் போன் வேண்டாம்.

இப்படி இறங்கிப் பார்த்த இரண்டு பேரை மதுரைக்காரர்கள் மறக்கக்கூடாது. 1606-ல் இங்கே வந்த இயேசு சபைக் குரு தத்துவ போதகர், அதாவது ராபர்ட் தெ நொபிலி, அங்கியை விட்டுக் காவி உடுத்தினார். கறி மீனை விட்டு நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் சாப்பிட்டார். தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். சொந்தச் சபைக்காரர்களே எதிர்த்து, விவகாரம் ரோமை வரை போய், 1623-ல் திருத்தந்தை அவர் முறையை அனுமதித்தார். அவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: மேல்சாதியாரோடு பழகுவதற்காக மற்றவர்களிடமிருந்து அவர் தள்ளியே இருந்தார். இடம் மாறி நின்ற மனிதருக்கும் பார்க்க முடியாத பக்கம் ஒன்று இருந்தது.

இன்னொருவர் காந்தி. 1921 செப்டம்பரில் மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் ஏழைகளிடம் கதர் உடுத்தச் சொன்னார். வாங்க வசதியில்லை என்றார்கள். மறுநாள், செப்டம்பர் 22, மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தவர் வெறும் நாலு முழத் துண்டோடு வெளியே வந்தார். அதன்பிறகு கடைசி வரை அதுதான். நாடு முழுக்கச் சுற்றிப் பேசியவரை ஒரு ரயில் பெட்டிக்குள் கேட்ட பதில் மாற்றிவிட்டது. மீனாட்சி கோயில் பக்கம் போகும்போது மேலமாசி வீதியில் அந்த வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

வெள்ளிக்கிழமைகள்: ஏழு வெள்ளி, பதினான்கு நிலை

சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளியிலிருந்து பெரிய வெள்ளி வரை எண்ணினால் ஏழு வெள்ளி. இயேசு சிலுவை சுமந்து போன வழியைத் தியானிக்கும் சிலுவைப் பாதை பதினான்கு நிலை. கோயிலில் பதினான்கையும் சொல்வோம், அது வழக்கப்படி நடக்கட்டும். ஆனால் வெள்ளிக்கு இரண்டு நிலையை மட்டும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். முதல் வெள்ளி தீர்ப்பும் சிலுவை சுமத்தலும், இரண்டாம் வெள்ளி முதல்முறை விழுவதும் தாயைச் சந்திப்பதும் என்று வரிசையாகப் போனால் பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்குவதும் அடக்கம் செய்வதும் வரும். கணக்கு அழகாக அமைந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த நிலையில் இயேசுவைத் தவிர வேறு யார் இருக்கிறார், அவர் நிற்கும் இடத்திலிருந்து என்ன தெரிகிறது என்று பார்ப்பது.

மூன்றாம் வெள்ளி, இயேசுவின் சிலுவையைச் சுமந்த சிரேன் ஊர் சீமோன். பாட்டுகளில் அவர் ஏதோ இரக்கப்பட்டு ஓடிவந்து தோள் கொடுத்தது போல இருக்கும். மாற்கு அப்படிச் சொல்லவில்லை. வயல்வெளியிலிருந்து வந்து அந்தப் பக்கமாகப் போனவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். வேலை முடித்து வீட்டுக்குப் போகிற மனிதர்.

ஒரு தவக்காலத்தில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு பெரியவர் வெயிலில் மயங்கிச் சரிந்துவிட்டார். கூட யாரும் இல்லை. கண்டக்டர் என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் இறங்கி ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரில விட்டுருங்க சார்" என்றார். ஏன் என்னைச் சொன்னார் என்று தெரியாது. எனக்கு எரிச்சலாக வந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆட்டோவில் அவர் தலை என் தோளில் சாய்ந்தபடி வந்தது. சட்டை முழுக்க அவர் வியர்வை. பாதி வழியில் கண் விழித்து, "தம்பி, உங்க வேலை கெட்டுச்சேப்பா" என்றார். அன்று சாயங்காலம் ஐந்தாம் நிலையில் முட்டி போட்டபோது சீமோனைப் பற்றிச் செபப் புத்தகம் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அவருக்கும் முதலில் எரிச்சல்தான் வந்திருக்கும். தோள் உராய உராயத்தான் பக்கத்தில் நடக்கிற மனிதரைப் பார்த்திருப்பார்.

உங்களை யாராவது இப்படிப் பிடித்து இழுத்துவிட்ட நாள் ஒன்று நிச்சயம் இருக்கும். அந்த வெள்ளியன்று நோட்டில் அதை எழுதுங்கள்.

மூன்றாம் வாரம்: தண்ணீர்

ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுழற்சியில் வரும். 2026 அதில் முதல் வருடம், அடுத்தது 2029. அந்த வருடத்தில் மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் யோவானின் மூன்று பெரிய கதைகள் வரும்: கிணற்றடிச் சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இறந்து கல்லறையிலிருந்து உயிரோடு வந்த லாசர். வேறு வருடமாக இருந்தாலும் வீட்டில் நீங்களே இவற்றை வாசியுங்கள். பார்வையை மாற்ற இவற்றுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

உச்சி வெயில், கிணற்றடி. இயேசு தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். அந்தப் பெண் உடனே மொண்டு கொடுக்கவில்லை. நீர் யூதர், நான் சமாரியப் பெண், என்னிடம் எப்படிக் கேட்கிறீர் என்கிறார். இரண்டு சாதியாரும் பாத்திரம் கலப்பதில்லை. இதை விளக்க ஐரோப்பாவில் ஒரு பக்கம் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். நமக்குத் தேவையே இல்லை. டீக்கடைத் தனி டம்ளர் என்றால் நம் ஊரில் யாருக்குப் புரியாது?

இந்த வாரத்துக்கான வேலை எளிது, ஆனால் கை நடுங்கும். உங்கள் வீட்டு வாசலுக்கு வேலையாக வருகிறவர்களைக் கவனியுங்கள். குப்பை வண்டி ஓட்டி வருபவர், சாக்கடை அடைப்பு எடுக்க வருபவர், சிலிண்டர் தூக்கி வருபவர். அவர்கள் தண்ணீர் கேட்டால் எதில் கொடுக்கிறீர்கள்? என் வீட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் செம்பு தனியாக இருந்தது, கழுவுமிடத்துக்குப் பக்கத்தில். யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. அப்படியே வந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் ஒரே அப்பத்தை உண்கிற குடும்பம், வாசலுக்குத் தனிச் செம்பு வைத்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நாங்கள் குடிக்கும் சில்வர் டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாங்கியவர் அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். "வாய் வெச்சுக் குடிங்கண்ணே" என்றேன். வேண்டாம் சார், பழக்கம் என்றார். அந்தப் பழக்கத்தை அவருக்குப் பழக்கியது யார்?

கோயிலுக்குள்ளும் இதே கண்ணோடு பாருங்கள். யார் முன்னால் உட்காருகிறார்கள், யார் வாசிக்கிறார்கள், திருவிழாவுக்கு யார் வரி எழுதுகிறார்கள், யார் கல்லறை எந்தப் பக்கம் இருக்கிறது. பெரிய வார்த்தை பேச வேண்டாம். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு, ஒரு ஞாயிறு வேறு தெருக்காரர்கள் உட்காரும் பக்கம் போய் உட்காருங்கள்.

நான்காம் வாரம்: கண்

பார்வையற்ற மனிதரைக் கண்டதும் சீடர்கள் கேட்கும் முதல் கேள்வி: இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. 'என்ன பாவம் பண்ணாரோ' என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! குழந்தை இல்லாதவர்களைப் பார்த்து, விபத்தில் கால் போனவரைப் பார்த்து, கடனில் வீடு போனவரைப் பார்த்து. இந்த ஒரு வாரம் அந்த வாக்கியத்தை விடுவதுதான் நோன்பு. நாக்கு நுனி வரை வரும், பிடித்து நிறுத்துங்கள்.

மதுரைக்காரர்களுக்குக் கண் என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடக்கிற கிராமத்துப் பெரியவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். புரை விழுவது உடனே தெரியாது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக மெல்ல மங்கும். வெளிச்சம் சிதறும். உலகமே கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கிறது போலிருக்கிறது என்று பழகிப்போகும்.

என் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனார். மேடைக்குப் பின்னால் இருந்த டைல்ஸில் விரலை வைத்து இழுத்தார். பிசுக்கு. "இதையா நான் இத்தனை நாள் சுத்தம்னு நினைச்சேன்?" அப்புறம் திரும்பி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "உனக்கு எப்பய்யா இவ்வளவு நரைச்சுச்சு?" தினம் பார்க்கிற மகன். தினம் துடைக்கிற அடுப்படி.

மாற்கு 8-ல் ஒரு சின்னக் கதை உண்டு, பலர் கவனிப்பதில்லை. பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசு தொடுகிறார். என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மனிதர்கள் மரங்கள் போலத் தெரிகிறார்கள், ஆனால் நடக்கிறார்கள் என்கிறார் அவர். மறுபடி தொட்ட பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது. இயேசுவே இரண்டு தடவை தொட வேண்டியிருந்தது! இந்த நேரத்தில் உங்கள் நோட்டைப் புரட்டினால் அதிலும் மனிதர்கள் பாதி மரமாகத்தான் இருப்பார்கள். சலித்துக்கொள்ள வேண்டாம். நோட்டில் அடிக்கடி வரும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் கேளுங்கள், அவர் சொல்லட்டும்.

ஐந்தாம் வாரம்: கல்லறை

இது நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு ஒருநாள் போங்கள், உங்கள் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் ஆள் வராத கல்லறையில் முளைத்த புல்லையும் பிடுங்குங்கள். பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி யாராவது இருந்தால் இந்த வாரம் போனைப் போடுங்கள். லாசரின் கல்லறைக் கல்லை எடுக்க இயேசு சொன்னபோது அவர் சகோதரி மார்த்தா, அடக்கம் செய்து நாலு நாளாயிற்றே, நாற்றம் அடிக்குமே என்றார். கல்லை எடுத்தால் நாற்றம் வரத்தான் செய்யும், எடுக்காமலும் முடியாது. ஒப்புரவுக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட, போகிறவர்களும் கடைசி நேரக் கூட்டத்துக்குக் காத்திராமல் இந்த வாரமே போய்விடலாம், பங்குச் சாமியாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும்.

புனித வாரம்

குருத்து ஞாயிறன்று பவனியில் கடைசியில் நடங்கள். கடைசியில்தான் வயதானவர்களும் குழந்தையைத் தூக்கியவர்களும் வருவார்கள். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்ததும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வெந்நீர் வைத்து அவர்கள் காலைக் கழுவி நகம் வெட்டிவிடுங்கள். குனிய முடியாதவர்களுக்கு நகம் வெட்டுவது பெரிய பிரச்சினை, யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பெரிய வெள்ளியன்று பல பங்குகளில் கஞ்சி கொடுப்பார்கள். வாங்கிக் குடிப்பதோடு நிற்காமல் பரிமாறும் பக்கமும் போய் நில்லுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களில் மதியம், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றிய தியானம் மூன்று மணி நேரம் நடக்கும். கத்தோலிக்கர் யாராவது ஒருமுறை போய் உட்கார்ந்து கேட்டால் நல்லது.

பெரிய சனி பகலில் கோயிலில் ஒன்றும் இருக்காது. பீடத்தில் துணிகூட இருக்காது. அந்த வெறுமையை வீட்டு வேலைகளால் நிரப்பிவிடாமல், மதியம் ஒரு மணி நேரம் நோட்டோடு உட்காருங்கள். நாற்பது வரியையும் வாசித்துவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். 'பூக்கார அம்மா', 'ஆட்டோக்காரர்', 'குப்பை வண்டி அண்ணன்', 'வாட்ச்மேன் தாத்தா' என்று பெயர் இல்லாமல் தொழிலால் எழுதிய வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். முதல் வருடம் எனக்கு அப்படி 17 வரி இருந்தது. அதில் நாலு வரி ஒரே ஆள்.

ஈஸ்டர் காலையில் பூ வாங்கப் போனேன். பங்குனி வெயிலுக்கு மல்லி நிறைய வந்திருந்தது. "சாம்பல் அழிஞ்சிருச்சுங்களாய்யா?" என்று சிரித்தார். உங்கள் பெயர் என்னம்மா என்று கேட்டேன். முழம் போட்ட கை அப்படியே நின்றது. "எம்பேரா? எதுக்குய்யா?" என்றவர், கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். அப்புறம் என் பெயரைக் கேட்டார்.